பாதிக்கு மேல் போகாத முள்

எங்கள் பக்கத்தில் வண்டிக்கும் அதன் இன்ஜினுக்கும் ஒரே வயது இருக்காது. அரியலூர் மாவட்டத்தில் ரெட்டிபாளையம், வி.கைகாட்டி சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும்தான். அவற்றை நம்பி வந்த வண்டிகள் எதுவும் சும்மா நின்றதில்லை. பாடி உளுத்துப் போனால் இன்ஜின் வேறொரு பாடிக்குப் போகும். இன்ஜின் போனால் காயலாங்கடையிலிருந்து வேறொன்று வந்து இறங்கும். ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்றி எழுதி வாங்கிவிட்டால் சட்டப்படி அது அதே வண்டிதான்.

ஜீப்புகளுக்கு இந்த உறுப்பு மாற்று சிகிச்சை இன்னும் அதிகம். பழைய மஹிந்திரா ஜீப்பில் இருந்தது வில்லிஸ் வழியில் வந்த 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நல்ல இன்ஜின்தான், குடிப்பதில் மட்டும் அளவு தெரியாது. டீசல் பெட்ரோலைவிட வெகு மலிவாக விற்ற காலத்தில், ஜீப் வைத்துப் பிழைக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். மஹிந்திராவே ஜீப்பில் போட்டு விற்ற பூஜோ எக்ஸ்.டி.பி. 4.90, அதாவது 2112 சி.சி. டீசல், கிடைத்தால் யோகம். இல்லாவிட்டால் கிடைத்தது.

என் தாய்மாமா 1996இல் ஏலத்தில் ஒரு பெட்ரோல் ஜீப் எடுத்தார். 1998இல் அதற்கு பூஜோ டீசல் ஏறியது. எந்த ஊர், எந்தப் பட்டறை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடிய விஷயம்தான் இது. இன்ஜின் மாற்றம் என்றால் எல்லோர் கண்ணிலும் நிற்பவை பெரிய வேலைகள்: மவுண்டிங் வெல்டிங், கியர்பாக்ஸைச் சேர்ப்பது, சைலன்ஸர் குழாயை வளைப்பது, ரேடியேட்டர் ஹோஸ். எல்லாம் முடிந்து பொழுது சாயும் நேரத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஒயர். டாஷ்போர்டில் இருக்கும் ஹீட் மீட்டரிலிருந்து பழைய இன்ஜினின் சென்சாருக்கு வந்துகொண்டிருந்த ஒயர். புது இன்ஜினிலும் ஒரு சென்சார் இருக்கிறது. பித்தளை உடம்பு, ஆறு பட்டை, உச்சியில் ஒரு முனை. ஒயரைச் செருகினால் செருகிக்கொள்கிறது. சாவியைத் திருப்பினால், இன்ஜின் சூடாகச் சூடாக முள் மெல்ல எழுகிறது. வேலை முடிந்தது, டீ சொல்லு.

முள் அசையாமல் கிடந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். அசைந்ததுதான் வினையாகப் போயிற்று.

அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மாமா அந்த ஜீப்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான். "சித்திரை வெயில்லயும் நம்ம வண்டி முள்ளு பாதிக்கு மேல போனதில்ல மாப்ள." சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒப்பந்த வண்டி அது. ராத்திரியில் ஊரில் யாருக்காவது வலி வந்தால் அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவதும் அதுதான். எனக்குத் தெரிந்தே இரண்டு குழந்தைகள் போகிற வழியிலேயே பிறந்திருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியின் முள் அமைதியாக நிற்பது மாமாவுக்குச் சாமி படம் மாதிரி ஒரு தெம்பு.

2006 மே மாதம், திருவையாற்றுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பதினோரு பேரோடு திரும்பிக்கொண்டிருந்த ஜீப், திருமானூர் தாண்டி நின்றுபோனது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட் வளைந்து, உள்ளே பிஸ்டனும் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டியவர் மாமாவிடம் ஆறு வருஷமாக வேலை பார்த்த டிரைவர் அண்ணன். மாமா கேட்ட முதல் கேள்வி, "முள்ளப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேண்ணே. பாதியிலதான் இருந்துச்சு. கொஞ்சம் மேல. நிக்கறதுக்கு முன்னாடி கீழகூட எறங்கிச்சு."

பாதியில் இருந்த முள்ளுக்கு ஹெட் எப்படி வளையும்? அதிலும் இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போது முள் எப்படிக் கீழே இறங்கும்? கூட இருந்த எல்லோருக்கும் அது வாய்க்கு வந்த பொய்யாகத்தான் பட்டது. பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டியிருப்பான், தண்ணீர் பார்த்திருக்க மாட்டான் என்று பேசினார்கள். மாமா அவரது இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டு நிறுத்தினார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தேன். மாமா வீட்டுத் திண்ணையில் அவர் சாவியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டியது நினைவிருக்கிறது.

இனி முள்ளுக்கு வருகிறேன். இந்தக் கதையில் யாருமே விசாரிக்காத சாட்சி அது.

டாஷ்போர்டில் இருக்கும் முள் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. அது காட்டுவது மின்தடையை. சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை அதிகம். சூடேறச் சூடேறத் தடை விழும். தடை விழுந்தால் மீட்டர் வழியே ஓடும் மின்சாரம் கூடும். எங்கள் ஜீப்பில் இருந்த பழைய வகை மீட்டருக்குள் ஒரு இரட்டை உலோகத் தகடு இருக்கிறது, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. மின்சாரம் கூடினால் கம்பி சூடாகும், தகடு வளையும், முள் நகரும். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையான ஏற்பாடு: இன்ஜினின் சூட்டைச் சொல்ல, மீட்டரும் தன்னளவில் கொஞ்சம் சூடாக வேண்டியிருக்கிறது.

இதில் எங்கேயும் "90 டிகிரி" என்ற செய்தி பயணம் செய்யவில்லை. 90 டிகிரியில் நான் இத்தனை ஓம் இருப்பேன் என்று சென்சாரும், இத்தனை ஓம் வந்தால் நான் இந்த இடத்தில் நிற்பேன் என்று மீட்டரும் தொழிற்சாலையில் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒப்பந்தம் எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை. இன்ஜினோடு சென்சாரும் மாறும்போது ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு எழுந்து போய்விடுகிறது. அதே நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்கார்கிறார், அதே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு.

இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் ஜீப்பில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. அதில் இருந்தது கேபிலரி மீட்டர். இன்ஜின் தலைக்குள் ஒரு குமிழ், அதிலிருந்து டாஷ்போர்டு வரை மெல்லிய செப்புக்குழாய், உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம். சூடானால் ஆவியின் அழுத்தம் கூடி முள்ளைத் தள்ளும். குமிழும் மீட்டரும் ஒரே உடம்பு. குழாயை வெட்டினால் இரண்டும் செத்தன. மின்சார மீட்டர் வந்ததும் அந்தக் குழாய் ஒயராயிற்று. ஒயரை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். என் தொழிலில் இப்படிப் பிரித்து வைப்பதை நல்ல வடிவமைப்பு என்போம், நானே பல கூட்டங்களில் அதற்காக வாதாடியிருக்கிறேன். பிரித்து வைத்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒப்பந்தத்தை யார் காப்பது என்ற கேள்வி அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வராது.

2020இல் ஊரடங்குக்கு ரெட்டிபாளையம் வந்து ஏழு மாதம் தங்கினேன். பகலில் லேப்டாப், மாலையில் மாமா வீட்டு ஜீப். ஓட்டம் இல்லாமல் நின்றிருந்த வண்டியில் ஒரு நாள் ஹெட்லைட் போட்டபோது ஹீட் முள் சற்று நகர்வதைக் கவனித்தேன். விளக்குக்கும் இன்ஜின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? கீழே படுத்துப் பார்த்தால் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எர்த் பட்டையே இல்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு இன்ஜின் உடம்புதான் திரும்பும் வழி. பட்டை இல்லாததால் அது ஆக்ஸிலரேட்டர் கம்பி, குழாய் என்று கிடைத்த சந்துகளில் எல்லாம் புகுந்து வந்துகொண்டிருந்தது. போதாததற்கு சென்சார் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் கசியக்கூடாது என்பது சரி, மின்சாரமும் கசியவில்லை.

பட்டை போட்டு, டேப்பைச் சுரண்டி, மரையைத் துடைத்தோம். சென்சாரைக் கழற்றியபோது அதன் குமிழ் மேல் வெள்ளையாக ஒரு ஓடு படிந்திருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் படியும் அதே சுண்ணாம்பு. ஒரு காலத்தில் இந்த மண் கடலடியாக இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தில் சிப்பி சிப்பியாக வருவதைப் பார்க்கலாம். அந்தக் கடல் கரைந்து, போர்த் தண்ணீராகி, ரேடியேட்டருக்குள் போய், சென்சாருக்கு ஒரு கம்பளி போர்த்திவிட்டிருந்தது. கம்பளிக்குள் இருப்பவனுக்கு வெளியே என்ன வெக்கை என்று தாமதமாகத்தான் தெரியும்.

உள்ளூர் மெக்கானிக் அண்ணன் இதற்குள் மீட்டரைப் பரிசோதித்துவிட்டார். சென்சார் ஒயரைக் கழற்றி பாடியில் ஒரு நொடி தொட்டார். முள் எச் வரைக்கும் பாய்ந்தது. எடுத்தார், விழுந்தது. "மீட்டர் ஓகே." பிறகு மல்டிமீட்டரைச் சென்சாரில் வைத்து இன்ஜினை ஓடவிட்டார். ஓம் இறங்கிக்கொண்டே வந்தது. "சென்சாரும் ஓகே. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு தம்பி, நீங்க ஏன் மண்டைய ஒடச்சிக்கிறீங்க?"

இரண்டும் நல்லாத்தான் இருந்தன. உலகம் முழுக்கப் பட்டறைகளில் செய்யப்படும் பரிசோதனை இதுதான், இரண்டிலும் எந்தப் பழுதும் அகப்படாது. தனித்தனியாகத் தேறிய இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும் என்பதற்கு இந்தப் பரிசோதனையில் இடமே இல்லை.

அம்மாவின் பால் சட்டியை வாங்கினேன். அதில் தண்ணீர், கெமிஸ்ட்ரி லேபில் வைத்திருக்கும் கண்ணாடி தெர்மாமீட்டர் ஒன்று, நூலில் கட்டித் தொங்கவிட்ட சென்சார். குமிழ் மட்டும் முங்க வேண்டும், சட்டியின் அடியைத் தொடக்கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனை பித்தளை உடம்பில், மற்றது உச்சியில். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஒரு குறிப்பு. ஏறும்போது ஒரு முறை, ஆறும்போது ஒரு முறை. 40 டிகிரியில் சுமார் 290 ஓம். 60இல் 135. 80இல் 70. 90இல் 51. நூறைத் தொடும் நேரத்தில் 38. அதற்கு மேல் தண்ணீர் ஏறாது என்பதால் கடலை எண்ணெய்க்கு மாறினோம். 110இல் 30 ஓம் சொச்சம், 120இல் 23. அந்த எண்ணெயில் வடை சுடலாமா என்று அப்பா கேட்டதற்கு அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்தது மீட்டர். ஒயரைச் சென்சாரில் மாட்டாமல், தெரிந்த மதிப்புள்ள ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் இதற்கு ஆகாது, புகைந்துவிடும். ஐந்து வாட் வெள்ளைக்கட்டி ரெசிஸ்டர் வேண்டும். அந்த முள் அசைய நேரம் எடுத்துக்கொள்ளும் ஜாதி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷமாவது பொறுக்க வேண்டும். 73 ஓமில் முள் சியில் கிடந்தது. 36இல் சரியாகப் பாதி. 10 ஓமில் எச்.

இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகப் பேசியது. இன்ஜின் 80 டிகிரிக்கு வந்து தெர்மோஸ்டாட் திறக்கிற நேரத்தில்தான் முள் தூக்கத்திலிருந்து எழுகிறது. 90இல், அதாவது இயல்பான சூட்டில், காலுக்கும் பாதிக்கும் நடுவில். 100 டிகிரியில் பாதிக்கு ஒரு நூல் கீழே. ரேடியேட்டர் மூடி நன்றாகப் பிடித்தால் தண்ணீர் குக்கரில் போல அழுத்தத்தில் இருக்கும். ஏழு பவுண்டு மூடிக்குக் கொதிநிலை சுமார் 111 டிகிரி வரை தள்ளிப்போகும். அந்த 111இல் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. கணக்குப் போட்டால், எச்சைத் தொட இன்ஜின் 150 டிகிரியை நெருங்க வேண்டும். அப்போது ரேடியேட்டரில் தண்ணீரும் இருக்காது, வண்டியில் ஆளும் இருக்க மாட்டார்கள்.

மாமாவின் "பாதி" என்பது கொதிநிலை. இருபத்திரண்டு வருஷமாக அந்த வண்டி கோடையில் கொதிக்கிற விளிம்பில்தான் ஓடியிருக்கிறது. முள் பாதிக்கு மேல் போனதில்லை என்பது முழு உண்மை.

கீழே இறங்கிய கதைக்கும் விளக்கம் இருந்தது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் காற்றும் ஆவியும் நின்றால், இரும்பு எவ்வளவு கொதித்தாலும் குமிழுக்கு அது சரியாக எட்டாது. முள் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் காரணமில்லாமல் ஹீட் முள் இறங்குவது, ஏறுவதைவிட ஆபத்தான அறிகுறி. டிரைவர் அண்ணன் அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிதான் அவர் பேச்சில் மிகப் பெரிய பொய்யாக எல்லோருக்கும் பட்டது.

குறிப்பை முதலில் அப்பாவிடம் காட்டினேன். சிமெண்ட் ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கண்ணாடியை மாட்டி ஒரு நிமிஷம் பார்த்தார். "ஜோடி மாறிப் போச்சு" என்றார். அதோடு விடாமல் ஒரு பாடமும் எடுத்தார். கிளிங்கர் ஆவதற்கு சூளைக்குள் சரக்கு 1450 டிகிரி வரை போக வேண்டும். அந்த வரிசையில் வெவ்வேறு இடங்களில் தெர்மோகப்பிள் வைப்பார்கள். கே வகை ஒன்று, எஸ் வகை ஒன்று. 1000 டிகிரியில் கே வகை 41 மில்லிவோல்ட் தரும், எஸ் வகை பத்துக்கும் குறைவாகத்தான் தரும். எஸ் வகையைக் கொண்டுபோய் கே வகை மீட்டரில் மாட்டினால் ஆயிரம் டிகிரி அடுப்பை 235 டிகிரி என்று காட்டும். "அதுக்குத்தான் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி கலர்ல கேபிள் வச்சிருக்கான். மாட்டறவன் தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் கலர் கண்ணுல படணும்."

இத்தனை தெரிந்தவர் இருபது வருஷம் அதே ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார். அதை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "அது மச்சான் வண்டி. மச்சான் வண்டி மீட்டரச் சந்தேகப்பட்டா அது வேற சண்டையா ஆயிடும்."

சரிசெய்வது எப்படி என்பதில் மூன்று நாள் பஞ்சாயத்து. மெக்கானிக் அண்ணனின் யோசனை, சென்சாருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் போடுவது. "முள்ளு மேல ஏறணும், அவ்ளோதான?" நிறைய இடங்களில் சொல்லப்படும் வழிதான், கணக்குப் போடாதவரை அழகாக இருக்கும். நூறு டிகிரியில் சென்சார் 38 ஓம். அதை மீட்டருக்குப் புரியும் 10 ஓம் ஆக்க இணையாக 13.5 ஓம் வேண்டும். காலையில் வண்டி எடுக்கும்போது, 40 டிகிரியில், சென்சார் 290 ஓம், அதோடு 13.5ஐச் சேர்த்தால் 13 ஓம். அதாவது பச்சைத் தண்ணீரிலேயே முள் எச் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பகல் முழுக்க அங்கேயே ஒரு மயிரிழை அசையும். எச் வேண்டாம், முக்கால் போதும் என்று 42 ஓம் போட்டாலும் முள் பாதியில்தான் விழித்தெழும். ரெசிஸ்டரால் கோட்டை மேலேயோ கீழேயோ தள்ளலாம், வளைவை மாற்ற முடியாது. ஒன்று சென்சாருக்கு ஏற்ற மீட்டர், இல்லை மீட்டருக்கு ஏற்ற சென்சார்.

மீட்டருக்கு ஏற்ற பழைய சென்சார் திருச்சியில் கிடைத்தது, மரை சேரவில்லை. லேத்தில் ஒரு பித்தளை புஷ் கடைந்து மாட்டலாம் என்றார்கள். ஆனால் புஷ் நீளத்துக்குச் சென்சார் வெளியே தள்ளி நிற்கும். தண்ணீர் ஓடும் பாதையில் குமிழ் நீட்டிக்கொண்டிருக்காமல் புஷ்ஷின் குழிக்குள் தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்தால் அது இன்னொரு பொய். கடைசியில் ஒரே டப்பாவில் ஜோடியாக விற்கும் மீட்டரும் சென்சாரும் வாங்கினோம். பன்னிரண்டு வோல்ட்டுக்கானது. லாரிக்கான இருபத்துநாலு வோல்ட் டப்பாவும் பார்ப்பதற்கு அதே மாதிரி பக்கத்திலேயே இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகடு வைத்துப் பொருத்தினோம். புதியதில் சி, எச் கிடையாது, எண்களே இருக்கின்றன: 40, 80, 120. பால் சட்டி மறுபடி அடுப்பேறியது. 90 டிகிரி தண்ணீரில் முள் 90க்கும் 92க்கும் நடுவில் நின்றது. அந்தச் சமயம் எல்லாக் கடை வாசலிலும் நெற்றியில் சுடும் தெர்மாமீட்டர் துப்பாக்கி வைத்திருந்தார்களே, அதால் சரிபார்க்கலாமே என்றார் மாமா. அது மனுஷக் காய்ச்சலோடு நின்றுவிடும், இன்ஜின் நெற்றிக்கு ஆகாது.

முதல் நாள் ஓட்டத்திலேயே, அரியலூர் போகும் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, முள் 102க்கு வந்தது. மாமா வண்டியை ஓரங்கட்டிவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "என்னடா இது, ஒரே நாள்ல வண்டிய கெடுத்துட்டீங்க?" வண்டி நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தபோது பாதிக் குழாய்கள் சுண்ணாம்பில் அடைத்திருந்தன, வெளியே ஃபின்களுக்கு நடுவில் சுரங்கத் தூசி சிமெண்டாகவே இறுகியிருந்தது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு முள் 88லிருந்து 94க்குள் வந்து நின்றது. ஆனால் நிற்பதில்லை, ஆடும். பாரம் ஏற்றினால் ஏறும், இறக்கத்தில் இறங்கும், சிக்னலில் நின்றால் மறுபடி ஏறும். "முன்னாடி எவ்ளோ அமைதியா இருந்துச்சு" என்று மாமா ஒரு மாதம் புலம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூடக் கண் ரோட்டில் பாதி, முள்ளில் பாதி.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய கார் கம்பெனிகளே இந்தப் புலம்பலுக்கு அடிபணிந்தவைதான். இன்றைய பல கார்களில் முள் நேராக சென்சாரைக் கேட்பதில்லை, நடுவில் ஒரு கணினி இருக்கிறது. தண்ணீர் 75 டிகிரி ஆனாலும் 105 ஆனாலும் முள் நடுவில் அசையாமல் நிற்கும்படி மென்பொருளில் எழுதி வைக்கிறார்கள். அசைகிற முள்ளைப் பார்த்து வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு வருகிறார் என்பதால். சில சின்ன கார்களில் முள்ளே இல்லை, குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு. பட்டறையில் தெரியாமல் நேர்ந்ததை இங்கே தெரிந்தே செய்திருக்கிறார்கள். நான் எழுதும் மென்பொருள்களிலும் பச்சை விளக்குகள் நிறைய உண்டு. எந்த எண்ணுக்கு எது பச்சை என்று யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் முடிவு செய்ததுதான். அடியில் இருக்கும் சர்வர் மூன்று முறை மாறியிருக்கும்.

மெக்கானிக் அண்ணன் கேட்டதால் இரண்டு பட்டியலையும் ஒரு சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அடுத்த முறை போனபோது கீழே பால்பாயிண்ட் பேனாவில் இன்னும் நான்கு வண்டிகளின் ஓம் கணக்கு சேர்ந்திருந்தது. ஒரு டிராக்டர், இரண்டு லாரி, ஒரு அம்பாசடர். எல்லாம் பட்டறைக்காரப் பையன் சட்டியில் காய்ச்சி எடுத்தவை.

டிரைவர் அண்ணனை அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார், தலை நரைத்திருந்தது. நான் நோட்டைத் திறந்து, எது எந்தக் கணக்கு என்று விளக்கினேன். அவர் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். 100 டிகிரிக்கு நேரே வந்ததும் நின்றது.

"பாதிக்கு ஒரு நூல் கம்மி."

"ஆமாண்ணே."

"நான் அன்னைக்கே சொன்னேன் தம்பி. வாடகூட வந்துச்சு, வேகாத அரிசி தீயுற மாரி. முள்ள நம்பி ஓட்டிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "இத மாமாகிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"ரேடியேட்டர சுத்தம் பண்ணக் குடுத்தாரு."

அவர் சிரித்த சிரிப்பில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். காசு என்னைக் கொடுக்க விடவில்லை.

மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அப்பாவும் இருக்கும்போது பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். 2022இல் டிரைவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை மாமா வீட்டுக்கும் வந்தது. பதினாறு வருஷம் கழித்து அந்த வாசலுக்கு அவர் வந்த முதல் தடவை அதுதான் என்று அத்தை சொன்னாள். மாமா கல்யாணத்துக்குப் போனார், முன் வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், மொய் எழுதினார்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் அண்ணனிடமிருந்து எனக்கு போன்.

"தம்பி, மொய் நோட்டுல உங்க மாமா பேருல பதினஞ்சாயிரத்து ஒண்ணுன்னு இருக்கு. தப்பா எழுதிட்டாங்களோன்னு கவரத் தேடி எடுத்து எண்ணிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஐந்நூற்று ஒன்று எழுதினால் கௌரவம், ஆயிரத்து ஒன்று எழுதினால் நெருங்கின உறவு.

"மொய்யின்னா திருப்பிச் செய்யணும்ல தம்பி. உங்க மாமா வீட்டுல அடுத்து என்ன விசேஷம்?"

"பையன் காலேஜ் படிக்கறான்ணே. இன்னும் ஆறேழு வருஷம் ஆகும்."

"அப்பச் சரி" என்றார். "மாசம் இருநூறு எடுத்து வச்சாப் போதும்."